புதுசைப் பழசாக்கும் கலை: காஸ்பிளே ஹெல்மெட்டின் உலோகப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி?

புது பைக்கில் முதல் கீறல் விழுந்த அன்று பலருக்குத் தூக்கமே வராது. புது போன் வாங்கினால், கவர் வந்து சேரும்வரை அதைப் பையைவிட்டு எடுக்காதவர்களும் உண்டு. இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டமும் இருக்கிறது. பளபளவென்று கடைந்து வந்த அலுமினியத் துண்டை வாங்கி, அதற்குப் பெயிண்ட் அடிப்பார்கள். பிறகு அந்தப் பெயிண்ட்டை அங்கங்கே அவர்களே உரிப்பார்கள். மேலே அழுக்கையும் பூசுவார்கள். இருபது வருஷம் சண்டையில் அடிபட்ட பொருள் போல அது மாறும்வரை வாரக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள்.

சினிமா கதாபாத்திரங்களின் உடை, கவசம், ஹெல்மெட் ஆகியவற்றை அச்சு அசலாகச் செய்து அணியும் காஸ்பிளே ரசிகர்கள்தான் இவர்கள். 2024 பிப்ரவரியில் காமிக் கான் விழா முதல்முறையாகச் சென்னைக்கு வந்தபோது இந்த உலகம் நம்ம ஊருக்கும் கொஞ்சம் நெருங்கி வந்தது. ஒரு பொருள் பயன்பட்டுத் தேய்ந்தது போலக் காட்டும் வேலைக்கு 'வெதரிங்' என்று பெயர். பார்க்கச் சுலபமாகத் தெரியும். செய்து பார்த்தால்தான் இதில் எவ்வளவு வேதியியல், எவ்வளவு பொறுமை, எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று புரியும்.

இந்தக் கலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஹெல்மெட் போதும். அது 'ஸ்டார் வார்ஸ்' படங்களில் வரும் கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட்டின் ஹெல்மெட்.

வசனம் நான்கு, கீறல் நூறு

1977-ல் ஜார்ஜ் லூகாஸின் முதல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தபோது ரசிகர்களை அசத்திய விஷயங்களில் ஒன்று, அதன் அழுக்கு. அதுவரை பல விண்வெளிப் படங்களில் எல்லாமே நேற்றுதான் செய்தது போலப் பளிச்சென்று இருக்கும். இந்தப் படத்தில் விண்கலத்தில் எண்ணெய்க் கறை. ரோபோ மேல் புழுதி. பழைய லாரி மாதிரி ஓட்டை உடைசலான வாகனங்கள். இந்த உலகத்தில் ஆட்கள் நிஜமாகவே வாழ்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் நம்பினார்கள்.

போபா ஃபெட்டை ரால்ஃப் மெக்குவாரியும் ஜோ ஜான்ஸ்டனும் வடிவமைத்தார்கள். 1978-ல் முதலில் தயாரான உடை முழுக்க வெள்ளை. பிறகு அதற்கு வண்ணம் தீட்டி, அடிபட்ட தோற்றத்தைக் கொண்டுவந்தவர் ஜான்ஸ்டன். பின்னாளில் 'ஜுமான்ஜி' (1995), முதல் 'கேப்டன் அமெரிக்கா' (2011) படங்களை இயக்கிய அதே ஜோ ஜான்ஸ்டன்தான்.

1980-ல் வெளியான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் ஃபெட் வருவது சில நிமிடங்கள்தான். பேசும் வசனம் நான்கே நான்கு. முகமும் தெரியாது. ஆனாலும் அந்தப் பாத்திரம் இன்றுவரை நிற்கிறது. காரணம், அவன் சொல்லாத கதையை ஹெல்மெட் சொல்லிவிடுகிறது. கரும்பச்சைத் தலைப்பகுதி, ஆங்கில 'டி' எழுத்து வடிவக் கண்திரை, அதைச் சுற்றிக் கருஞ்சிவப்பு, நெற்றியில் ஒரு பள்ளம், உடம்பெல்லாம் பெயிண்ட் உதிர்ந்த தழும்புகள். 'இவன் நிறைய சண்டை பார்த்தவன்' என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

உலோகத்துக்கே உலோக நிறம் ஏன்?

வேடிக்கை இங்கேதான். படத்தில் உலோகமாகத் தெரியும் அந்த ஹெல்மெட்டின் உடல் ஃபைபர் கிளாஸ். உரிந்த இடத்தில் தெரியும் 'உலோகம்' வெறும் சில்வர் பெயிண்ட்.

ரசிகர்கள் செய்யும் நகலிலும் உடல்பகுதி பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ், ரெசின் அல்லது 3டி பிரிண்ட்தான். ஆனால், சில பாகங்களை மட்டும் நிஜ அலுமினியத்தில் கடைந்து பொருத்துவது வழக்கம். முக்கியமாக, வலது காதுப் பக்கத்தில் ஆன்டெனா போல நிற்கும் 'ரேஞ்ச் ஃபைண்டர்' தண்டு. அது மெலிசு, அதோடு, கண்ணுக்கு முன்னால் இறங்கி ஏற வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் ஆடும், வளையும், கூட்டத்தில் யாராவது இடித்தால் உடையும். அலுமினியம் என்றால் நிமிர்ந்து நிற்கும். எடையும் குறைவு.

சிக்கல் என்னவென்றால், நிஜ அலுமினியமும் சில்வர் பெயிண்ட்டும் ஒரே மாதிரி இருக்காது. கடைந்த அலுமினியம் கண்ணாடி போல வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். கடைசல் கோடுகளும் தெரியும். சில்வர் பெயிண்ட்டில் இருப்பது அலுமினியத்தின் மிக நுண்ணிய செதில்கள். அவை வெளிச்சத்தைப் பல திசையிலும் சிதறடிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஹெல்மெட் ஒரு உலோகம், தண்டு வேறு உலோகம் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் நிஜ உலோகத்தை மறைத்து, அதன் மேல் 'உலோக' பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது. உடலில் எந்தச் சில்வரோ, தண்டிலும் அதே சில்வர். அந்த ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது.

முதலில் பெயிண்ட் பிடிக்க வேண்டும்

இரும்பு கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடித்துப் பழகியவர்கள் அலுமினியத்திலும் அதையே அடித்துவிடுவார்கள். அது இரும்புக்கான மருந்து. அலுமினியத்தின் குணம் வேறு. காற்று பட்ட உடனேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகிவிடும். அந்தப் படலம்தான் உலோகத்தை அரிக்காமல் காப்பாற்றுகிறது. ஆனால், வழவழப்பான அந்தப் பரப்பில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. சில வாரங்களில் சோளப்பொரி மாதிரி உதிரும்.

எனவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்:

1. கடைசல் எண்ணெய் போகப் பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவிக் காய வைக்க வேண்டும்.
2. 320 அல்லது 400 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்க்க வேண்டும்.
3. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். அதன்பிறகு வெறும் கையால் தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை ஒன்றே போதும், வேலை கெட்டுவிடும்.
4. 'எட்ச் பிரைமர்' அல்லது எபாக்ஸி பிரைமர், இரண்டில் ஒன்றை அடிக்க வேண்டும். கார் பெயிண்ட் கடைகளில் கிடைக்கும். எட்ச் பிரைமரில் உள்ள அமிலம் அந்த ஆக்சைடு பரப்பை லேசாக அரித்து, பெயிண்ட்டுக்குப் பிடிமானம் கொடுக்கும்.

ஒரே தடவையில் மொத்தமாக அடிக்காமல், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிப்பது நல்லது. மழை பெய்யும் நாளில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் உள்ள ஈரம் அதில் படியும். பெயிண்ட் பால் படிந்தது போல வெளுத்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும் தொல்லை.

பிரைமர் நன்றாகக் காய்ந்தபின் ஒரு சோதனை. வெளியே தெரியாத பக்கத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் சின்னக் கட்டங்களாகக் கீறுங்கள். டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால், திரும்ப உப்புத்தாளில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால், விழா நடக்கும் அரங்கில் உரிந்து விழுவதைவிட வீட்டு மொட்டை மாடியில் உரிவது மேல்.

அடுக்கடுக்காக ஒரு வாழ்க்கை

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்வது இதுதான்: முழுக்கப் பச்சை அடித்துவிட்டு, அதன் மேல் பிரஷ்ஷால் சில்வர் கோடுகள் போடுவார்கள். தூரத்தில் இருந்து பார்க்கச் சரியாக இருக்கும். கிட்டே வந்தால் கீறல் பெயிண்ட்டுக்கு மேலே மேடாக நிற்கும். நிஜத்தில் உதிர்ந்த இடம் பள்ளமாகத்தானே இருக்கும்?

இதற்கு விடை, அந்தப் பொருள் வாழ்ந்த வரிசையிலேயே பெயிண்ட் அடிப்பது. முதலில் உலோகம், அதாவது சில்வர். அது காய்ந்ததும், கீறல் வரவேண்டிய இடங்களில் மட்டும் 'மாஸ்கிங் ஃப்ளூயிட்' வைக்க வேண்டும். இது ரப்பர் பால் போன்ற திரவம். பல்குத்தும் குச்சியாலோ, கிழித்த ஸ்பாஞ்ச் துண்டாலோ ஒற்றி எடுக்கலாம். அதன் மேல் இடைநிறமாகச் சாம்பல். அது காய்ந்ததும், முதலில் வைத்த புள்ளிகளைச் சுற்றிக் கொஞ்சம் அகலமாக மறுபடி மாஸ்கிங். கடைசியாக மேல்நிறம்.

எல்லாம் காய்ந்ததும் ரப்பரை விரலால் உருட்டி உரித்தால் மூன்று அடுக்கும் ஒன்றாகத் தெரியும். நடுவில் சில்வர், அதைச் சுற்றிச் சாம்பல் விளிம்பு, வெளியே மேல்நிறம். பழைய அரசுப் பேருந்தின் கைப்பிடிக் கம்பியையோ, வீட்டு இரும்பு பீரோவின் விளிம்பையோ உற்றுப் பாருங்கள். இதே வளையங்கள் இருக்கும். உரிக்கும்போது சில்வரும் சேர்ந்து வருகிறதா? அப்படியென்றால் கீழே பிரைமர் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வழி, ஹேர் ஸ்ப்ரே. ஆமாம், தலைமுடிக்கு அடிப்பதேதான். நன்றாகக் காய்ந்த சில்வர் மேல் அதை அடித்து, அதற்கு மேல் தண்ணீரில் கரையும் வகை அக்ரிலிக் பெயிண்ட் அடிப்பார்கள். பெயிண்ட் காய்ந்த கொஞ்ச நேரத்தில் பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கீழே உள்ள ஹேர் ஸ்ப்ரே இளகி, மேல் பெயிண்ட் தானாகவே துண்டு துண்டாக உதிரும். எந்த வடிவத்தில் உதிரும் என்பது நம் கையில் முழுதாக இல்லை. அதனாலேயே இயல்பாக இருக்கும். ஆனால், படத்தில் உள்ள குறிப்பிட்ட கீறலை அதே இடத்தில், அதே வடிவத்தில் கொண்டுவர வேண்டும் என்றால் மாஸ்கிங்தான் கைகொடுக்கும்.

எங்கே உதிரும், எங்கே சேரும்?

வெதரிங்கில் மொத்தப் பாடத்தையும் இரண்டு வரியில் சொல்லலாம். உரசும் இடத்தில் பெயிண்ட் போகும். உரசாத இடத்தில் அழுக்கு சேரும்.

நீங்கள் ஓட்டும் பைக்கையே போய்ப் பாருங்கள். கால் படும் இடம், சாவி தொங்கி இடிக்கும் இடம், ஷூ உரசும் விளிம்பு ஆகிய இடங்களில் பெயிண்ட் போயிருக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி, இரண்டு தகடு சேரும் இடுக்கில் கறுப்பாக மண் சேர்ந்திருக்கும். நட்ட நடுப் பரப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இதை ரேஞ்ச் ஃபைண்டர் தண்டில் பொருத்திப் பார்ப்போம். அது ஏறி இறங்கும். அதனால் சுழலும் மூட்டைச் சுற்றி வட்டமாகத் தேய வேண்டும். கையால் பிடித்து இறக்குவான் என்றால் விரல் படும் நுனியில் தேய வேண்டும். தண்டு பெரும்பாலும் நிமிர்ந்தே இருக்கும். ஆகவே மழையும் அழுக்கும் வழிந்த கோடுகள் அந்த நிலையில் மேலிருந்து கீழாக இறங்க வேண்டும். மேசையில் படுக்கவைத்து வேலை செய்யும்போது இந்தத் திசை மறந்துபோகும். பொருத்திய பிறகு கோடுகள் குறுக்கே ஓடினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் 'என்னமோ இடிக்குதே' என்று தோன்றிவிடும்.

நகரும் பாகத்தில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூட்டில் பெயிண்ட் தடிமனாக ஏறினால் தண்டு இறுகிவிடும். பலமாகத் திருப்பினால் தப்பான இடத்தில் உரியும். ஆகவே ஒன்றோடொன்று உரசும் உள்பரப்புகளை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

அழுக்குக்கும் அளவு உண்டு

கீறல் முடிந்தால் அடுத்தது அழுக்கு. கறுப்பு, அடர் பழுப்பு ஆயில் கலரை மினரல் டர்பன்டைனில் டீ டிகாக்ஷன் அளவுக்குக் கரைத்து இடுக்குகளில் விடுவார்கள். தானாகவே ஓடிப்போய்ப் பள்ளங்களில் நிற்கும். கொஞ்சம் காய்ந்ததும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். கீழே உள்ள பெயிண்ட் நன்றாக இறுகியிருப்பது முக்கியம். டர்பன்டைனுக்குப் பதிலாக அவசரத்தில் தின்னரை எடுத்தால் பல நாள் வேலை ஒரே துடைப்பில் கையோடு வந்துவிடும்.

விளிம்புகளில் லேசான உலோக மினுமினுப்பு வேண்டுமா? பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து, அந்தப் பொடியை விரல் நுனியால் விளிம்பில் தடவினால் போதும். மேலே அடிக்கும் மேட் கிளியர் கோட் சில்வரின் உயிரைக் கொஞ்சம் குறைத்துவிடும். ஆகவே, இந்தப் பென்சில் வேலையைக் கிளியர் கோட்டுக்குப் பிறகு செய்பவர்களும் உண்டு.

செந்நிறத் துரு வேண்டாம்

வெதரிங் என்றதும் பலர் கை முதலில் போவது ஆரஞ்சு நிறத்துக்கு. செந்நிறத் துரு இரும்புக்கு மட்டுமே உரியது. அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது. கடற்கரை வீடுகளின் அலுமினிய ஜன்னலில் வெள்ளையாக, சாம்பலாகப் பொடி பூத்திருக்குமே, அதுதான் அலுமினியத்தின் 'துரு'. பித்தளையும் செம்பும் பச்சையாகக் களிம்பு ஏறும். ஆகவே பிரஷ்ஷை எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: 'கதைப்படி இது என்ன உலோகம்?' கையில் உள்ளது அலுமினியம் என்றாலும், கதையில் அது வேறொன்றாக இருக்கலாம். 'ஸ்டார் வார்ஸ்' கதையில் மாண்டலோரியன் கவசங்களுக்கான உலோகத்தின் பெயர் பெஸ்கார். எளிதில் அழியாத உலோகம் என்பதுதான் அதன் பெருமையே. அதன் மேல் செந்துரு வழிந்தால் கதையே பொய்யாகிவிடும்.

மூச்சு முக்கியம்

இந்தப் பொழுதுபோக்கில் நிஜமான ஆபத்து வாளிலோ துப்பாக்கியிலோ இல்லை, ஸ்ப்ரே டப்பாவில் இருக்கிறது.

கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் தூசியைத் தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரிம ஆவிகளை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி தேவை. ஃபேன் ஓடும் பெட்ரூமில் ஸ்ப்ரே அடிப்பது, ஜன்னலைத் திறந்து வைத்தாலும், சரியல்ல. மொட்டை மாடி நல்லது. பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது. அந்த ஆவி தீப்பற்றும்.

இரண்டு பொருட்களிடம் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ஒன்று, அலுமினியத்துக்கு நல்லது என்று சொல்லி மஞ்சள் நிறத்தில் கிடைக்கும் ஜிங்க் குரோமேட் பிரைமர். இதில் உள்ள குரோமியம் வகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இதைத் தேய்க்கும்போது வரும் தூசி இன்னும் மோசம். வீட்டு வேலைக்கு இதைத் தொடாமல் இருப்பதே நல்லது. இரண்டாவது, கார்களுக்கு அடிக்கும் '2கே' கிளியர் கோட். கண்ணாடி போல இறுகும். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அதன்பின் துளி பட்டாலும் மூச்சுத் திணறலாம். அந்தப் பளபளப்பு தேவை என்றால், தகுந்த வசதி உள்ள கார் பெயிண்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஃபெட் ஹெல்மெட்டுக்கு மேட் அல்லது அரை மேட்தான் பொருந்தும் என்பதால், சாதாரண ஸ்ப்ரே கிளியரே போதும்.

ஓட்டும் ஹெல்மெட்டில் வேண்டாம்

'அப்போ என் பைக் ஹெல்மெட்டையே ஃபெட் ஸ்டைலில் மாத்திடலாமா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சில ஹெல்மெட்களின் ஓடு பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தின்னரும் ஸ்ப்ரே பெயிண்ட்டில் உள்ள கரைப்பான்களும் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனமாக்கிவிடும். வெளியே அழகாக இருக்கும், விழும்போது உடையும். அதேபோல, காஸ்பிளே ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவதும் கூடாது. அதற்குள் அதிர்ச்சியைத் தாங்கும் தெர்மாகோல் அடுக்கு இல்லை, ஐஎஸ்ஐ தரச்சான்றும் இல்லை. அந்தக் கண்திரை வழியாகப் பக்கவாட்டுப் பார்வையும் சரியாகக் கிடைக்காது.

ரசிகர் வேலை படத்துக்கே போன கதை

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் 1997-ல் தொடங்கப்பட்ட '501வது லீஜியன்' என்ற ரசிகர் அமைப்பு இதற்கு ஒரு பதில். உடை எப்படி இருக்க வேண்டும் என்று இவர்கள் எழுதி வைத்திருக்கும் விதிகள் கறாரானவை. புகைப்படங்களை வைத்துச் சரிபார்த்த பிறகே உறுப்பினராகச் சேர்ப்பார்கள். அந்த உடையோடு மருத்துவமனைகளில் குழந்தைகளைப் பார்க்கவும், நிதி திரட்டவும் போவார்கள். 2019-ல் வெளியான 'தி மாண்டலோரியன்' தொடரின் முதல் சீசனில் ஸ்டார்ம்ட்ரூப்பர் படை வேண்டியிருந்தபோது, இவர்களைத்தான் உடையோடு வரச் சொன்னார்கள். ரசிகர்கள் தங்கள் வீட்டில் வைத்துச் செய்த கவசங்கள் அப்படியே கேமரா முன்னால் நின்றன.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் ஹெல்மெட்டில் ஆரம்பிக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டு அலுமினியக் கம்பி வாங்குங்கள். பிரைமர், சில்வர், மாஸ்கிங், மேல்நிறம், அழுக்கு என எல்லா அடுக்கையும் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பெயிண்ட் எதைக் கரைக்கிறது, எது காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அந்தத் துண்டே சொல்லிக் கொடுத்துவிடும்.

பிறகு ஹெல்மெட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு கீறலையும் வைக்கும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: 'இது எப்படி விழுந்திருக்கும்?' பதில் கிடைத்தால் வையுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுங்கள். அடிபடாத இடமும் அந்தப் பொருளின் கதையில் ஒரு பகுதிதான்.